பெருசியாவின் ஈயக் குண்டும் அந்த முந்நூறு பேரும்

இழை தொடங்கியவர்:
பழங்காலத்தில் முற்றுகை நடந்த ஊருக்குப் போய், விடை தெரியாத கேள்வியோடு திரும்பிய அனுபவம் யாருக்காவது உண்டா? எனக்கு அப்படி அமைந்த ஊர் இத்தாலியின் பெருஜியா. ரோமானியர் காலத்தில் பெருசியா.

போனது சாக்லேட்டுக்காக. மழை பிடித்துக்கொண்டது, தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒதுங்கினேன். அங்கே ஒரு பேழையில் வாதுமைக்கொட்டை வடிவில் ஈயக் குண்டுகள். கவணில் வைத்துச் சுழற்றி எறிபவை. வார்க்கும் அச்சிலேயே எழுத்தை வெட்டியிருக்கிறார்கள்.

கி.மு. 41 குளிர்காலம். சீசர் கொலையுண்டு நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. மார்க் ஆண்டனியின் தம்பி லூசியஸ் கோட்டைக்குள்ளே, சீசரின் தத்துப்பிள்ளை ஆக்டேவியன் வெளியே. 'வழுக்கைத்தலை லூசியஸ்' என்று சில குண்டுகள் திட்டுகின்றன. ஆண்டனியின் மனைவி ஃபுல்வியாவையும் ஆக்டேவியனையும் பற்றி எழுதியதை இங்கே போட முடியாது, நம்மூர் ரயில் கழிப்பறைச் சுவரே கூசிப்போகும்.

இன்னொரு குண்டில் இருந்த வாசகம்தான் என்னை விடவில்லை: 'பட்டினி கிடக்கிறாய், என்னிடம் மறைக்கிறாய்.'

ஊரைச் சுற்றி 56 ஸ்டேடியம், அதாவது சுமார் 10 கிலோமீட்டருக்கு அகழியும் மதிலும், அதன்மேல் 1,500 மரக் கோபுரங்களும் என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் அப்பியன். உள்ளே லூசியஸ் மிச்சத் தானியத்தைக் கணக்குப் பார்த்து அடிமைகளுக்குச் சோற்றை நிறுத்தினான். வெளியே ஓடவும் விடவில்லை, ஓடினால் நிலைமை எதிரிக்குத் தெரிந்துவிடும். புல்லையும் இலையையும் தின்று அலைந்து செத்தார்கள். பிணங்களை எரிக்காமல் நீளக் குழிகளில் புதைத்தான், புகை காட்டிக்கொடுக்குமே என்று. இவ்வளவு பொத்திப் பொத்தி மறைத்தும், வெளியே ஈயம் உருக்கியவனுக்கு எப்படித் தெரிந்தது? உளவா, வெறும் நக்கலா?

மார்செய் போனவர்:
என் கேள்வி வேறு. 1967-இல் வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது கிடைத்த பழைய மசிலியாவின் (இன்றைய பிரான்சின் மார்செய்) மதிலும் துறைமுகமும் இப்போது ஒரு பூங்கா. கடைக்குப் போகிறவர்கள் குறுக்கே நடந்து போகிறார்கள். கி.மு. 49-இல் சீசரின் தளபதி திரெபோனியஸ் இந்த ஊரை முற்றுகையிட்டார். ஊர்க்காரர்கள் போர்நிறுத்தம் கேட்டு வாங்கிவிட்டு, காற்று வாகாக அடித்த நாளில் முற்றுகைக் கோபுரத்தைக் கொளுத்திவிட்டதாகச் சீசர் எழுதுகிறார். பின்னாளைய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவோ, போர்நிறுத்தத்தின் நடுவே இரவில் பாய்ந்தது சீசரின் ஆட்கள்தான் என்கிறார். யார் பொய் சொன்னது? ஊர்க்காரர் எழுதிய கணக்கு ஒன்றும் நம் கையில் இல்லை. கடைசியில் பழைய தினையும் கெட்டுப்போன வாற்கோதுமையும் தின்றார்கள் என்பதைச் சீசரே சொல்கிறார், அதை மட்டும் நம்புகிறேன்.

வரலாற்று மாணவி:
பெருசியாவில் பெரிய மர்மம் பட்டினி இல்லை அண்ணா, அதற்கப்புறம் நடந்தது. சரணடைந்தவர்களில் மேல்தட்டினர் 300 பேரை, சீசர் செத்த அதே மார்ச் 15 அன்று, தெய்வமாக்கப்பட்ட சீசரின் பலிபீடத்தில் வெட்டியதாக ஒரு கதை. சீசர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய சூடோனியஸ் அதை 'சிலர் எழுதுகிறார்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறார். அந்த ஒரு சொல்லில் நழுவிக்கொள்கிறார் பாருங்கள்! டியோவும் 300 என்கிறார். முற்றுகையை விலாவாரியாக எழுதிய அப்பியனிடம் பலிபீடமே இல்லை. ஊர் மன்றத்தாரைக் கொன்றார்கள், ஒருவனைத் தவிர, என்கிறார். கொலை நடந்தது நிஜம், பலிபீடம் ஆண்டனி தரப்பு கட்டிவிட்டது என்பது என் கட்சி. லூசியஸுக்கு மன்னிப்பும் ஸ்பெயினில் பதவியும் கிடைத்தன!

உங்கள் கேள்விக்கு: கடைசியில் லூசியஸின் வீரர்களும் சில அதிகாரிகளும் கட்சி மாறி ஓடினார்களே. அவர்கள் சொல்லியிருக்கலாம்.

இழை தொடங்கியவர்:
இருக்கலாம் தங்கச்சி. சரணடைந்த பிறகு செஸ்தியஸ் என்ற ஊர்க்காரன் தன் வீட்டுக்கே தீ வைத்துக்கொண்டு அதில் விழுந்தான், காற்றில் ஊரே எரிந்தது. மறுநாள் ரோமானியருக்கு முன் அங்கே இருந்த எட்ரஸ்கன் மக்களின் பழைய வாசலில் நின்றேன். மேலே 'அகஸ்டா பெருசியா' என்று பொறித்திருக்கிறது. அந்தப் பெயருக்குரிய அகஸ்டஸ் வேறு யாருமில்லை, வெளியே நின்ற அதே ஆக்டேவியன்.

ஆனால் வீரர்கள் ஓடியது கடைசி நாட்களில். குண்டில் மாதம் போடவில்லையே.