ஷாஃப்ட் மாற்றணும், அவசரம்: பந்து வலது பக்கமே போகிறது

எஸ்டேட்பையன்
எல்லாருக்கும் வணக்கம். கோல்ஃபில் தூரம் அடிக்கிற டிரைவர் மட்டையால் அடித்தால் பந்து வலது பக்கமே போகிறது. ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு, எனக்குப் பொருந்தாதது என்று கண்டுபிடித்துவிட்டேன். கொச்சியில் ஒரு கடையில் வேறு ஷாஃப்ட் இருக்கிறது, 9,000 ரூபாய். சாயங்காலத்துக்குள் பதில் சொன்னால் எடுத்து வைப்பார்களாம். வாங்கலாமா? சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

போடிமெட்டு
தம்பி, எதை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்? இப்போது கையில் இருக்கும் ஷாஃப்டில் என்ன எழுத்து? பந்து நேராகக் கிளம்பி அப்புறம் வளைகிறதா, கிளம்பும்போதே வலது பக்கம் பார்த்துப் போகிறதா? மற்ற இரும்பு மட்டைகளில், அயனிலும் இப்படித்தானா?

கிராஃபைட்ராசா
இதில் கேள்வி எதற்கு? வலது பக்கம் போனால் ஸ்லைஸ், ஆடுகிறவருக்கு வெளிப்பக்கமாக வளைகிற அடி. ஷாஃப்ட் விறைப்பு அதிகம், மட்டையின் முகம் மூடுவதற்குள் பந்தில் பட்டுவிடுகிறது. விறைப்பு எழுத்தில் ஒரு படி இறங்குங்கள். எக்ஸ் இருந்தால் எஸ், எஸ் இருந்தால் ஆர், ஆர் இருந்தால் ஏ. நானும் இரண்டு வருடம் வீம்புக்கு எஸ் வைத்துக்கொண்டு வலது பக்கத்து யூகலிப்டஸ் தோப்புக்கே பந்து சப்ளை செய்துகொண்டிருந்தேன். 55 கிராமில் ஒரு ஆர் மாட்டினேன், தோப்போடு உறவு முறிந்தது.

ஹேண்டிகேப்ஆறு
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கால் அளவு சொல்லாமல் செருப்பு கேட்கிற கதை. ஸ்விங் வேகம் என்ன? டிரைவர் தலை மணிக்கு 75 முதல் 85 மைல் என்றால் ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ். இதுவும் உத்தேசக் கணக்குதான். பொதுத் தரம் என்று ஒன்று கிடையாது, ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் மாதிரி இருக்கும். ஷாஃப்ட் வாங்குகிற காசில் நல்ல கோச்சிடம் நாலு வகுப்பு போகலாம். அடி சரியில்லாதவர்கள்தான் கம்பைக் குறை சொல்வார்கள்.

மலம்புழாஅக்கா
ஆறு சார், வேகம் அளக்கிற மெஷின் எல்லா ஊரிலும் இருக்கிறதா? தம்பி, எந்த ஊர்? 7 அயன் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லுங்கள், அதை வைத்தே ஓரளவு பிடிக்கலாம்.

எஸ்டேட்பையன்
மூணாறு அக்கா. மெஷின் எல்லாம் இல்லை. 7 அயன் 160 யார்டு கேரி, பந்து தரையில் விழும் வரை. டிரைவர் 230 போகும், ஆனால் வலது பக்கம். அயன் எல்லாம் நேராகத்தான் போகிறது. எங்கள் மேனேஜர் ஐயா ரிட்டயர் ஆகும்போது கொடுத்துவிட்டுப் போன செட் இது.

கிராஃபைட்ராசா
160 யார்டா? அப்படியானால் ஏ வேண்டாம், எஸ் பாருங்கள். நான் முன்னால் சொன்னதை விடுங்கள்.

போடிமெட்டு
ராசா, ஒரு மணி நேரத்தில் விறைப்பை இறக்கி, மறுபடி ஏற்றிவிட்டீர்களே. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். காற்று மெலிசு, தடுப்பது குறைவு, பந்து தூரம் போகும். அந்த உயரத்தில் பத்து சதவீதம் வரை கூடும் என்பது வழக்கமான கணக்கு. மூணாறில் 160 அடிக்கிற பையன் கொச்சியில் 145 பக்கம்தான் அடிப்பான். ஆகவே அவன் வேகத்துக்கு ஆர்தான் சரி. மலையில் அடித்த தூரத்தை நம்பி எஸ் வாங்கிவிட்டுக் கீழே இறங்கித் தவித்தவர்களை எனக்குத் தெரியும். அதில் முதல் ஆள் நான்தான்.

ஹேண்டிகேப்ஆறு
புத்தகக் கணக்கு. மூணாறில் பாதி நாள் மூடுபனி. ஈரக்காற்று கனமானது, பந்தை அமுக்கிவிடும். உயரத்தில் வருவது ஈரத்தில் போய்விடும்.

மலம்புழாஅக்கா
சார், பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கிறவள் நான், இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நீரின் மூலக்கூறு எடை 18. நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32. அவற்றின் இடத்தில் நீராவி வந்து உட்கார்ந்தால் காற்று லேசாகத்தான் ஆகும். வித்தியாசம் சொற்பம், ஆனால் நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஹேண்டிகேப்ஆறு
முப்பது வருடமாக மழையில் ஆடுகிறேன். பந்து விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் மேடம்.

கிராஃபைட்ராசா
பந்து விழுவதைத்தான் பார்த்திருப்பீர்கள், காற்றைத் தராசில் போட்டுப் பார்த்தீர்களா?

மலம்புழாஅக்கா
மழையில் பந்தும் முகமும் நனைந்துவிடும், சுழற்சி மாறும், கையும் வழுக்கும். புல் நனைந்திருந்தால் விழுந்த பந்து உருளாது. தூரம் குறைவதற்கு இத்தனை காரணம் இருக்கிறது. காற்றின் கனம் மட்டும் காரணமில்லை.

போடிமெட்டு
பையன் எங்கே போனான்? பந்து எப்படி வளைகிறது, எழுத்து என்ன, இரண்டையும் இன்னும் சொல்லவில்லை.

எஸ்டேட்பையன்
மன்னிக்கணும் அண்ணே, தேயிலை எடைக்கு நிற்கிற நேரம், போன் பார்க்க முடியவில்லை. நேராகக் கிளம்பி, பாதியில் வலது பக்கம் வளைகிறது. ஷாஃப்டில் ஆர் என்று போட்டிருக்கிறது. அதுதானே பிரச்சினையே. நான் இடக்கை ஆட்டக்காரன், ரைட் ஷாஃப்ட் எப்படிச் சரிப்படும்? கொச்சிக் கடையில் எல் போட்டது இருக்கிறது. அதைத்தான் எடுத்து வைக்கச் சொல்லப் போகிறேன்.

போடிமெட்டு
ஐயோ தம்பி, சொல்லிவிடாதீர்கள்!

ஆர் என்றால் ரைட் இல்லை, ரெகுலர். எல் என்றால் லெஃப்ட் இல்லை, லேடீஸ். வரிசையிலேயே மிகவும் வளைகிற ஷாஃப்ட் அது. ஷாஃப்டுக்கு இடக்கை வலக்கை கிடையாது, உருண்டைக் குழாய்தான். தலையில்தான் அந்த வித்தியாசம். உங்கள் தலை இடக்கைத் தலை, அது சரியாகவே இருக்கிறது.

இன்னொன்று. இடக்கைக்காரருக்குப் பந்து வலது பக்கம் வளைந்தால் அது ஸ்லைஸே இல்லை, ஹுக், உள்பக்கமாக வளைகிற அடி. முகம் திறந்து வரவில்லை, மூடிக்கொண்டு வருகிறது. இங்கே இவ்வளவு நேரம் சொன்ன விறைப்பு வைத்தியம் எல்லாம் தலைகீழ். இதற்கு மேல் எல் மாட்டினால் பந்து எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனில் போய் விழும்.

கிராஃபைட்ராசா
நான் மேலே எழுதியதையெல்லாம் கண்ணாடியில் பிடித்துப் படித்துக்கொள்ளவும்.

ஹேண்டிகேப்ஆறு
இடக்கை என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா? நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்?

மலம்புழாஅக்கா
ஜோசியம் பார்த்துக் கோச்சிடம் அனுப்பியது யார் சார்? அந்த எல் விஷயத்தில் எனக்கும் ஒரு கோபம் உண்டு. என் டிரைவரில் இருப்பது ஆர். முதல் தடவை வாங்கப் போனபோது, எப்படி அடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஆளைப் பார்த்தே எல் எடுத்து நீட்டினார்கள். வேகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் சேலையைப் பார்த்தார்கள்.

வாளையார்பெஞ்ச்
ஷாஃப்ட் மாற்றுவது என் தொழில், இருந்தும் சொல்கிறேன், இப்போதைக்கு வாங்க வேண்டாம். அயன் நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் வளைகிறது என்றால் பையனின் கையை விட டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். தலையும் ஷாஃப்டும் சேரும் கழுத்தில் திருகு வைத்த ஸ்லீவ் இருக்கிறதா? அதில் எந்தக் குறி வெளியே தெரிகிறது? பழைய சொந்தக்காரர் முகத்தை மூடி வைக்கும் பக்கம் திருப்பியிருக்கலாம். சிலவற்றில் லாஃப்டை, அதாவது முகம் மேல்நோக்கிச் சாயும் கோணத்தை, கூட்டினாலே முகம் கொஞ்சம் மூடிக்கொள்ளும். நடுவில் உள்ள சாதாரணக் குறிக்குத் திருப்பி, செட்டோடு வந்த சாவியால் க்ளிக் சத்தம் கேட்கும் வரை இறுக்குங்கள். சில கம்பெனிகள் இடக்கைக்குத் தனி அட்டவணை தருகிறார்கள், அதைப் பார்த்துத் திருப்புங்கள்.

அப்புறம் கிரிப்பை, கைப்பிடி உறையைப் பாருங்கள். தேய்ந்து மெலிந்த கிரிப் இருந்தால் மணிக்கட்டு சீக்கிரம் உருண்டு ஹுக் வரும் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். எல்லாருக்கும் பலிக்காது, ஆனால் புது கிரிப் ஷாஃப்ட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை: சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிய பிறகு ஸ்லீவைத் தொடக்கூடாது. விதி.

போடிமெட்டு
பெஞ்ச் அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள் தம்பி. மேனேஜர் ஐயாவுக்குப் பந்து எந்தப் பக்கம் போகும், ஞாபகம் இருக்கிறதா?

எஸ்டேட்பையன்
இடது பக்கம் அண்ணே. நான்தானே அவருக்கு மட்டைப் பை தூக்குகிற கேடி. இடது பக்கத் தேயிலைக்குள் இறங்கி எத்தனை பந்து தேடியிருக்கிறேன்.

வாளையார்பெஞ்ச்
அவ்வளவுதான். ஐயா தன் ஸ்லைஸுக்குப் போட்ட வைத்தியம் உங்களுக்கு நோயாகிவிட்டது.

கிராஃபைட்ராசா
இருந்தாலும் 60 கிராமில் ஒரு எஸ் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

போடிமெட்டு
ராசா, போதும்.

எஸ்டேட்பையன்
ஸ்லீவ் முகத்தை மூடும் டி குறியில் இருந்தது. நடுவில் திருப்பினேன். பத்துக்கு எட்டு நேராகப் போகிறது. கிரிப் அடுத்த மாதம். கொச்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் நன்றி.

ஹேண்டிகேப்ஆறு
நல்லது. ஈரக்காற்று விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி.