'பாரசிட்டாய்டு': ஒட்டுண்ணியா, கொல்லுண்ணியா?

வணக்கம் அக்கா,

புதிய குளவிச் சிற்றினத்தை விவரிக்கும் முறை பற்றிய கையேட்டைத் தமிழாக்கும் வேலை 'பாரசிட்டாய்டு' (தான் வளரும் உயிரைத் தின்று கொன்றுவிடும் பூச்சி) என்ற சொல்லில் வந்து நிற்கிறது. வேளாண் துண்டறிக்கைகள் எல்லாம் 'ஒட்டுண்ணி' என்றே போடுகின்றன. பேன், நாடாப்புழு, மாட்டு உண்ணி எல்லாமே ஒட்டுண்ணிதான். அவை தமக்கு உணவு தரும் உயிரை, அதாவது ஓம்புயிரை, கொன்றால் அவற்றுக்கே நட்டம். கோனியோசஸ் குளவியின் குஞ்சோ தென்னைக் கருந்தலைப்புழுவைத் தின்று தீர்த்துத்தான் கூடு கட்டும். இந்த வேறுபாட்டுக்காகத்தான் பின்லாந்துப் பூச்சியியலாளர் ராய்ட்டர் 1913இல் தனிச்சொல்லே செய்தார்.

'புழுவை ஒழிக்கத் தோப்பில் ஒட்டுண்ணி விடுங்கள்' என்றால் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டு உண்ணிதான் நினைவுக்கு வரும். கேரள வேளாண் அலுவலகமான கிருஷி பவனின் அறிக்கைகள் 'மித்ரகீடம்' (நண்பப் பூச்சி) என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கின்றன. மலையாளத்தின் 'பராதம்' பாரசைட்டுக்கு, அதாவது ஒட்டுண்ணிக்கு, உரியது. அதைக் கடன் வாங்கினாலும் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

'ஒட்டுக்கொல்லி' சரிவருமா?

—

தம்பி,

'ஒட்டுக்கொல்லி' வேண்டாம். பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்லும், களைக்கொல்லி களையைக் கொல்லும். அந்தக் கணக்கில் ஒட்டுக்கொல்லி என்றால் ஒட்டுண்ணியை ஒழிக்கும் மருந்து என்றாகிவிடும். மருந்துக் கடையில் போய்க் கேட்பார்கள்.

'கொல்லுண்ணி' என்று வைக்கலாம். ஒட்டி உண்பது ஒட்டுண்ணி, கொன்று உண்பது கொல்லுண்ணி. இரண்டும் வினையடியில் பிறந்தவை, பக்கத்தில் வைத்தாலே உறவும் வேறுபாடும் தெரியும். உடலுக்குள் இருந்து தின்றால் அகக்கொல்லுண்ணி, மேலே இருந்து தின்றால் புறக்கொல்லுண்ணி.

'ஓம்புயிர்' இருக்கட்டும். பாடநூலில் வரும் 'விருந்தோம்பி' மட்டும் வேண்டாம். உயிரோடு தின்னப்படும் புழுவுக்கு அந்தப் பட்டம் கொடுமை.

—

அக்கா,

சிலந்தியும் பொறிவண்டும்கூடக் கொன்றுதானே தின்கின்றன? அவையும் கொல்லுண்ணி ஆகிவிடாதா? இன்னொன்று: கையேட்டில் 'இடியோபயான்ட்', 'கொய்னோபயான்ட்' என்று இரண்டு வகை வருகிறது.

—

தம்பி,

சிலந்திக்கு 'இரைவிழுங்கி' ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அது வாழ்நாளில் பல இரைகளைப் பிடிக்கும். கொல்லுண்ணிக் குஞ்சு ஒன்று முழு வளர்ச்சிக்கும் ஓர் ஓம்புயிரோடு நின்றுவிடும். விளக்கக் குறிப்பில் இந்த ஒரு வரி போதும்.

இரண்டு வகைகளில்தான் கவனம் வேண்டும், வளர்ப்பு முறையே அதைப் பொறுத்தது. கோனியோசஸ் தாய் கருந்தலைப்புழுவைக் கொட்டி முடக்கி, அதன் மேல் முட்டையிடும். புழு அதற்குப் பிறகு வளராது. இதுதான் இடியோபயான்ட். இதை 'முடக்கும் கொல்லுண்ணி' என்னலாம். இப்படிப்பட்ட புழுவைக் குப்பியில் போட்டால் தீனி தேவையில்லை. ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடித்துக் குஞ்சும் போய்விடும், ஆகவே மூடிக்குப் பதில் பஞ்சு அடைப்பு.

கொட்டீசியா குளவி இதற்கு நேர்மாறு. புழுவின் உடலுக்குள் முட்டை வைக்கும். புழு வழக்கம்போல் இலை தின்னும், தோலுரிக்கும். கடைசியில் குஞ்சுகள் தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு பின்னும். இதுதான் கொய்னோபயான்ட், 'வளரவிடும் கொல்லுண்ணி'. இங்கே தினமும் புது இலை வைக்காவிட்டால் புழு பட்டினியில் சாகும், உள்ளே இருக்கும் குஞ்சும் கூடவே சாகும். சொல்லைப் பார்த்ததுமே இலை வைக்க வேண்டுமா என்று மாணவருக்குத் தெரிந்துவிடும். 'தனியுயிரி', 'கூட்டுயிரி' என்று கிரேக்கத்தைப் பெயர்த்தால் இது கிடைக்காது.

—

அக்கா,

இரண்டும் ஏற்கிறேன். கொல்லுண்ணியையே தின்று வளரும் 'ஹைப்பர்பாரசிட்டாய்டு' மட்டும் பாக்கி. 'மேற்கொல்லுண்ணி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

—

தம்பி,

'மேல்' என்றால் புறக்கொல்லுண்ணியோடு குழம்பும். 'இரண்டாம்படிக் கொல்லுண்ணி' என்று போடுங்கள். நீளம்தான், ஆனால் புதுச் சிற்றின விவரிப்பில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். கொட்டீசியாக் கூடுகளைக் கொத்தாக ஒரே குப்பியில் போட்டால் கொட்டீசியாவும் வரும், அதையே தின்று வளர்ந்த பளபளப்பான வேறு குளவியும் வரும். இரண்டுக்கும் ஓம்புயிர் 'இலைப்புழு' என்று எழுதிவிட்டால், பின்னால் வருபவர்கள் அந்தப் பிழையையே எடுத்தாள்வார்கள்.

கூடுகளைப் பிரித்து, ஒரு குப்பிக்கு ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். குளவி வெளிவந்த பின் வெறும் கூட்டையும் எறியக் கூடாது. கொட்டீசியா கூட்டின் நுனியை வட்டமாக மூடிபோல் அறுத்துக்கொண்டு வரும். இரண்டாம்படிக்காரன் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒழுங்கில்லாத ஓட்டை போட்டு வருவான். வெறும் கூட்டை ஜெலட்டின் குளிகையில் போட்டுக் குளவி இருக்கும் ஊசியிலேயே குத்தி வைத்தால், சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்கலாம்.

இனி மாதிரிச் சீட்டு இப்படி இருக்கலாம்: 'ஓம்புயிர்: தென்னைக் கருந்தலைப்புழு. முடக்கும் புறக்கொல்லுண்ணி.' முதல்படி என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் 'ஓம்புயிர்' என்றே எழுத வேண்டாம். 'இந்தப் புழு வைத்த குப்பியில் வெளிவந்தது' என்று மட்டும் எழுதுங்கள்.