இரண்டாவது பந்து சிவப்பா: 3/5-ஆ, 2/4-ஆ?

செங்கோணம்: "பையில் 3 சிவப்பு, 2 நீலம். ஒரு பந்தை எடுத்துத் திரும்பப் போடாமல் இன்னொன்றை எடுத்தால், அது சிவப்பாக இருக்க நிகழ்தகவு 2/4." நேர்கோடு நேற்று எழுதியது இது. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. விடை 3/5. முதல் பந்து என்ன நிறம் என்று கேள்வியில் எங்கே இருக்கிறது?

நேர்கோடு: ஒன்று வெளியே போனபின் பையில் 4 தானே மிச்சம்? கீழே 5 எங்கிருந்து முளைத்தது?

செங்கோணம்: இரண்டு வழியையும் கூட்டுங்கள் சார். சிவப்பு, பிறகு சிவப்பு: 3/5 × 2/4 = 6/20. நீலம், பிறகு சிவப்பு: 2/5 × 3/4 = 6/20. மொத்தம் 12/20, சுருக்கினால் 3/5. உங்கள் 2/4, முதல் பந்து சிவப்பு என்று தெரிந்தால் மட்டும். நீல வழியை அப்படியே முழுங்கிவிட்டீர்கள்.

நேர்கோடு: எதையும் முழுங்கவில்லை. பையில் 4 பந்து. கீழே 4.

முடிவிலி: எதற்கு இத்தனை சண்டை? திரும்பப் போட்டால் சார்பிலா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்று மற்றதன் வாய்ப்பை மாற்றாது; போடாவிட்டால் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். அவ்வளவுதான்.

செங்கோணம்: இது அதைவிடப் பெரிய தப்பு! விலக்குபவை என்றால் சேர்ந்து நடக்கவே கூடாது. இங்கே இரண்டும் சிவப்பாக வர 6/20 இருக்கிறதே? சார்பின்மையைப் பெருக்கித்தான் பார்க்கணும். பகடையில் இரட்டை எண் 1/2. 2-க்கு மேற்படாத எண் 1/3. இரண்டுக்கும் பொது 2 மட்டும், 1/6. பெருக்கினாலும் 1/6, எனவே சார்பில்லை. '3-க்கு மேற்படாத' என்று மாற்றினால் பெருக்கல் 1/4 தருகிறது, பொதுவில் இருப்பது அதே 1/6. சார்பு வந்துவிட்டது.

முடிவிலி: உங்களிடம் யார் பாடம் கேட்டது? வரிசைமாற்றக் கணக்கில் 5! (5×4×3×2×1) = 125 என்று எழுதியவர்தானே நீங்கள்? 120 என்று திருத்தியது நான்.

செங்கோணம்: அது தட்டச்சுப் பிழை.

கூறுவெளி: இரண்டாவது பந்து சிவப்பு, முதல் பந்தை மூடிவைத்திருக்கிறோம். அந்த முதல் பந்தும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? 6/20-ஐ 12/20-ஆல் வகுத்தால் 1/2. நேர்கோடு இதற்கு என்ன சொல்கிறார்?

நேர்கோடு: பின்னால் வந்த பந்து முன்னால் எடுத்ததை எப்படி மாற்றும்? முதல்முறை கையை விடும்போது பையில் 5. ஆகவே 3/5.

செங்கோணம்: பந்து மாறவில்லை, நமக்குத் தெரிந்த தகவல் மாறியிருக்கிறது! சூத்திரமே வேண்டாம். சி1, சி2, சி3, நீ1, நீ2 என்று பெயர் வைத்து வரிசைச் சோடிகளை எழுதுங்கள், 20 வரும். சி1 இரண்டாவதாக நிற்பவை 4: சி2-சி1, சி3-சி1, நீ1-சி1, நீ2-சி1. மற்ற இரண்டு சிவப்புக்கும் அப்படியே, ஆக 12. அதில் முதலும் சிவப்பாக இருப்பவை 6.

நேர்கோடு: எழுதிப் பார்த்தாயிற்று. இரண்டாவது எடுக்கும்போது பையில் 4 பந்துதான் இருக்கிறது.

செங்கோணம்: நான்கு இருக்கிறது. எந்த நான்கு என்றுதான் கேட்கிறேன்!

முடிவிலி: தட்டச்சுப் பிழை என்றால் 125 அதே விடையில் இரண்டு இடத்தில் எப்படி வந்தது?