புதுப்பிப்பு: எங்கள் ஒருநாள் ஊர்சுற்றல்

வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒன்றாகக் கிடைத்த ஒரே விடுமுறை நாளில் சிங்கப்பூரில் எங்கே சுற்றலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். சனிக்கிழமை போய்விட்டு வந்தோம்.

காலையில் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் தோசை, வீரமாகாளியம்மன் தரிசனம். அப்புறம் ரயிலில் மூன்றே நிறுத்தம் தள்ளி சைனாடவுன். 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. சுற்றுச்சுவர் மேல் படுத்திருக்கும் சுதைப் பசுக்களை இவர் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். ஏழு வருடமாக இங்கே இருந்தும் அதுவரை பார்த்ததில்லையாம்!

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைப் பக்கம் வெயில் தாங்கவில்லை. ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

'கரையோரப் பூந்தோட்டத்தில் 7.45 மணி ஒளிக்காட்சியை மல்லாந்து படுத்துப் பாருங்கள்' என்று சொன்னவருக்குப் பெரிய நன்றி. இலவசம்தான். 50 மீட்டர் வரை உயர்ந்த, மரம் போன்ற அங்குள்ள இரும்புக் கோபுரங்கள் பாட்டுக்கு ஏற்ப நிறம் மாற, தரையில் என் துப்பட்டாவை விரித்துப் படுத்திருந்தோம். இவர் கையை விடவே இல்லை. முடிந்ததும், "8.45க்கு இன்னொன்று இருக்காமே, இருப்போமா?" என்றார்.

சரி என்று இருந்தோம்.