முதல் பேட்ச் அனுப்பியவருக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கேள்வி:
தேதிகளைப் படித்துப் பிரிக்கும் சின்ன மென்பொருள் நூலகம் ஒன்றை நான் மெயின்டெய்ன் செய்கிறேன். புதியவர் ஒருவர் பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) அனுப்பியிருக்கிறார். லீப் வருடத்தில் பிப்ரவரி 29 தவறிப்போகும் பிழையைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் அதே கமிட்டில் (ஒன்றாகப் பதிவு செய்த மாற்றத் தொகுப்பில்) வேறு கோப்புகளின் இடைவெளிகளையும் மாற்றியிருக்கிறார். திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் இல்லை, கோடில் உள்ள மாறிகளின் பெயர்களும் எங்கள் வழக்கப்படி இல்லை. எல்லாவற்றையும் எழுதினால் பயந்து போய்விடுவாரோ? நானே திருத்திச் சேர்த்துவிடலாமா?

பதில் 1:
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதாதீர்கள். பேட்ச் அனுப்பியவர் முதலில் தேடுவது, இந்த மாற்றம் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைத்தான். “பிப்ரவரி 29 பிழையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், இதைச் சேர்க்க விரும்புகிறேன்” என்று தொடங்குங்கள். அப்புறம் இரண்டே விஷயம் கேளுங்கள்: இடைவெளி மாற்றங்களை இதிலிருந்து எடுத்துவிடட்டும்; பழைய கோடில் தோற்று, புதியதில் தேறுகிற ஒரு டெஸ்ட் எழுதட்டும். டெஸ்ட் கோப்பு எது, அதை எப்படி ஓட்டுவது என்றும் சொல்லிவிடுங்கள். புதியவர் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்வார். பெயர்களை அடுத்த சுற்றில் பார்க்கலாம்.

மாற்றம் வேண்டாம் என்றால் அதையும் காரணத்தோடு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று சுற்று திருத்த வைத்துவிட்டு “இது நமக்குப் பொருந்தாது” என்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

இடைவெளி, வரி நீளமெல்லாம் கருவியின் வேலை. லினக்ஸ் கர்னல் திட்டத்தில் பேட்ச் அனுப்பும் முன்பே, இப்படிப்பட்ட நடைப் பிழைகளைக் காட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். நீங்களும் ஒன்றை வைத்துவிட்டால் உங்கள் கருத்துகளில் பாதி குறைந்துவிடும்.

பதில் 2:
நீங்களே திருத்துவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) கருவியில் ஆத்தர் (எழுதியவர்) வேறு, கமிட்டர் (பதிவு செய்தவர்) வேறு. அவருடைய கமிட்டை எடுத்து அமெண்ட் செய்தால் (அதையே திருத்தினால்) ஆத்தராக அவர் பெயரே நிற்கும். புதிதாக எழுதி உங்கள் பெயரில் போட்டுவிடாதீர்கள். என் முதல் பேட்ச் அப்படித்தான் வேறொருவர் பெயரில் போனது. அந்தத் திட்டத்துக்கு நான் திரும்பப் போகவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
சரி, டெஸ்டை அவரையே எழுதச் சொல்கிறேன். பதிலே வராவிட்டால் எவ்வளவு நாள் காத்திருப்பது?

பதில் 1:
இரண்டு வாரமாவது விடுங்கள். ஓய்வு நேரத்தில் செய்கிறவர். அப்புறம் “டெஸ்டை நான் சேர்க்கட்டுமா, உங்களுக்கு நேரம் இருக்குமா?” என்று ஒரு வரி போதும்.