ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையில் மனித உரிமைக்கு இடம் இருக்கிறதா?

நிலா77:
ஐநா ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை (2003ல் ஏற்றார்கள், 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது) படித்துக்கொண்டிருக்கிறேன். லஞ்சம், கையாடல், கறுப்புப் பணம் எல்லாம் வருகிறது, மனித உரிமைக்கென்று ஒரு பிரிவு கூட இல்லை. மருந்து வாங்க வைத்த பணத்தைச் சுருட்டினால் சாவது நோயாளிதானே, அவருக்கு இதில் என்ன இருக்கிறது?

வழிப்போக்கன்:
ரொம்பக் கொஞ்சம். ஊழலால் நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட வழி செய்யுங்கள் என்கிறது 35வது பிரிவு. ஆனால் தனக்கு வந்த கேடு இந்தத் திருட்டால்தான் என்று ஒரு நோயாளி எங்கே போய் நிரூபிப்பார்? இது அரசுகள் ஒன்றுக்கொன்று உதவிப் பணத்தின் தடத்தைப் பிடிக்க எழுதியது. மீட்ட பணமும் பெரும்பாலும் அரசின் கைக்குத்தான் போகும். நைஜீரியாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் அபாச்சா பதுக்கியதில் சுமார் 32 கோடி டாலரை நைஜீரியாவுக்குத் திருப்ப சுவிட்சர்லாந்து 2017ல் ஒப்பந்தம் போட்டபோது, உலக வங்கி கண்காணிக்க, ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகையாகப் போக வேண்டும் என்று பேசி வாங்கினார்கள். அப்படிப் பேச ஆள் இல்லாவிட்டால்?

சட்டப்புலி:
ஐநா ஆவணத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் தோன்றும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 2003 உடன்படிக்கை, மக்கள் தங்கள் உரிமைகளை அனுபவிக்கத் தடையாக இருப்பவற்றை நீக்குவதைத் தன் நோக்கங்களிலேயே சேர்த்திருக்கிறது. அப்புறம் 2010ல் எக்கோவாஸ் (மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு) நீதிமன்றம், நைஜீரியாவில் அடிப்படைக் கல்விக்கான பணம் களவு போன வழக்கில், திருடியவர்களைத் தண்டிப்பது தனி வேலை, அதற்காகப் பிள்ளைகள் படிப்பு நிற்கக் கூடாது, குறைந்த தொகையை அரசே போட்டு நிரப்பட்டும் என்றது. அந்த வழக்கு ஜெயித்தது ஊழல் சட்டத்தால் அல்ல, கல்வி உரிமையால்.

இன்னொரு பக்கமும் உண்டு. வருமானத்துக்கு மீறிய சொத்தைக் குற்றமாக்கச் சொல்கிற 20வது பிரிவைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தினால், நிரூபிக்கிற பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். ஆட்சிக்குப் பிடிக்காதவரை உள்ளே தள்ள இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

நிலா77:
அந்த 20 கட்டாயமா?

சட்டப்புலி:
இல்லை, அரசியலமைப்புக்கு உட்பட்டுப் பரிசீலிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் 33ல். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரைக் காப்பது 32ன்படி அரசின் கடமை, முதலில் ஊழலைப் புகார் செய்தவரைக் காப்பது வெறும் பரிசீலனை. வேலை போவதும் மிரட்டல் வருவதும் பெரும்பாலும் இவருக்குத்தான்.

வழிப்போக்கன்:
சரி, அதனால்தான் புகார் கொடுத்தவர்களுக்காக வாதாடுகிறவர்கள் இந்த உடன்படிக்கையை விட்டுவிட்டுக் கருத்துரிமையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.