நம்ம வீடு (குடும்பக் குழு)

செவ்வாய்

காலை 7:10
அக்கா: அப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். எழுப்பினா எழுந்திரிக்கல. சட்டையெல்லாம் தெப்பமா வியர்வை. சுகர் 28
சித்தப்பா: 280ஆ?
அக்கா: இல்ல சித்தப்பா. இருபத்தெட்டு
மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது
மாமா: மன்னிச்சுக்கோம்மா, பார்க்காம காலை வணக்கம் போட்டுட்டேன்
அத்தை: வாயில கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி ஊத்தியிருக்கலாமே
அக்கா: நினைவில்லாதப்ப ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும் அத்தை. ஆம்புலன்ஸ்லயே நரம்புல குளுக்கோஸ் ஏத்திட்டாங்க

காலை 9:25
தம்பி: மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். ராத்திரி போடற பிரஷர் மாத்திரை 3 நாளா குறையவே இல்ல. சுகர் மாத்திரை கிளிமெபிரைடு 3 கூடுதலா காலி. ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளி அட்டை
சித்தப்பா: நானும் 10 வருஷமா சுகர் மாத்திரை போடறேன், ஒண்ணும் ஆகலையே
தம்பி: நீங்க போடறது மெட்ஃபார்மின். அது மட்டும் போட்டா இப்படி இறங்கறது அபூர்வம். இது சுகர் கீழ போனாலும் விடாம கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலின் எடுக்கும். அப்பாவுக்கு கிட்னி வேற வீக், மருந்து சீக்கிரம் வெளியேறாது

காலை 11:40
அக்கா: சுகர் 146
அத்தை: அப்பாடா! சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்ல?

மதியம் 1:15
அக்கா: மறுபடி 51. குளுக்கோஸ் ஏத்த ஏத்த கணையம் இன்னும் இன்சுலின் விடுதாம். அதை அடக்க ஆக்ட்ரியோடைடு ஊசி போட்டிருக்காங்க
அத்தை: நல்லவேளை, நான் சொன்னதை நீங்க கேக்கல

புதன்

காலை 8:05
அக்கா: கண் முழிச்சுட்டார். பேசறார். சுகரும் நிக்குது
சித்தப்பா: 🙏🙏
அக்கா: ஆனா 1 மணி நேரத்துல 4 தடவை ‘எப்ப வந்தே’ன்னு கேட்டார். ஒவ்வொரு தடவையும் அப்பதான் என்னைப் பார்க்கற மாதிரி
சித்தப்பா: மயக்கம் தெளியலையோ என்னவோ
அக்கா: மூளைக்குக் குளுக்கோஸ்தான் சாப்பாடு, கையிருப்புன்னு பெருசா எதுவும் கிடையாது. புது விஷயத்தை மனசுல பதிய வைக்கற இடம் ரொம்ப சீக்கிரம் அடிபடுமாம். எம்ஆர்ஐ எடுத்திருக்காங்க. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்னு டாக்டர் திரும்பத் திரும்பக் கேக்கறார்
அம்மா: 2 மணிக்கு ஏதோ உளறினார். கனவுன்னு நினைச்சு போர்வையை இழுத்து விட்டுட்டுப் படுத்தேன்
தம்பி: அம்மா, போனை வெச்சுட்டு கொஞ்சம் தூங்கு. நான் மேல வரேன்

காலை 8:40
நான்: டிக்கெட் கிடைச்சுடுச்சு. நாளைக்குக் காலைல அங்க இருப்பேன்
அக்கா: வா. எப்ப வந்தேன்னு கேப்பார். கேக்கற ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லு. ‘இப்பதானே சொன்னேன்’னு மட்டும் சொல்லிடாதே